ஈக்யூ8-இல் குயில்ட் வரையப் பழகுவது: பிளாக் அளவு, வெட்டு அட்டவணை, துணிக் கணக்கு

ஊசிமுனை:
வணக்கம். குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) வடிவமைக்கும் மென்பொருளான எலக்ட்ரிக் குயில்ட் 8, அதாவது ஈக்யூ8 பழகிக்கொண்டிருக்கிறேன். பாடமாக எடுத்துக்கொண்டது ஓஹையோ ஸ்டார் என்ற நட்சத்திர வடிவம், 4 × 5 = 20 பிளாக் (சதுரத் துண்டம்). மூன்று இடத்தில் சிக்கல். 10 இன்ச் பிளாக் வைத்தால் வெட்டு அட்டவணையில் 3 13/16, 4 9/16 என்று ஸ்கேலில் பார்க்கவே முடியாத எண்கள் வருகின்றன. துணிக் கணக்கு கெஜத்தில் வருகிறது, நம் கடையில் மீட்டர். டெம்பிளேட் (துண்டுகளை வெட்டும் மாதிரித் தாள்) அச்சிட்டால் திரையில் சொன்ன அளவைவிடச் சிறியதாக வருகிறது. இதையெல்லாம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலேயே இலவசமாகச் செய்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

நூல்கண்டு:
முதல் சிக்கலில் மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. ஓஹையோ ஸ்டார் 3 × 3 கட்டம். 10-ஐ மூன்றாக வகுத்தால் 3.33. அதோடு தையலுக்கு ½ இன்ச் சேர்த்தால் 3.83. அந்த எண் ஸ்கேலில் கிடையாது, அதனால் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது.

இதை 1/8-க்கு முழுமையாக்கி 3 7/8 என்று வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தைத்த பிறகு ஒவ்வொரு கட்டமும் 3 3/8, பிளாக் 10 1/8. நான்கு பிளாக் ஒரு வரிசையில் வரும்போது அரை இன்ச் கூடிவிடும். பிளாக்குகளுக்கு இடையில் வரும் சாஷிங் பட்டையை 10½ நீளத்துக்கு வெட்டி வைத்திருப்பீர்கள், அது எட்டாது. தையல் கோணல் என்று நினைத்துப் பிரிப்பவர்கள் நிறைய. உண்மையில் தவறு அளவைத் தேர்ந்த இடத்தில்.

9 இன்ச் போடுங்கள். கட்டம் சரியாக 3 இன்ச். நடு சதுரமும் மூலைச் சதுரங்களும் 3½. கால் முக்கோணங்களுக்கு 4¼ சதுரம் வெட்டி இரண்டு மூலைவிட்டத்திலும் அறுக்க வேண்டும். அட்டவணை இதே எண்களைத் தந்தால் எல்லாம் சரி.

பட்டைத்துணி:
இதோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே எண். சதுரம், செவ்வகம் எதுவானாலும் தைத்து முடிந்த அளவு + ½. சதுரத்தை ஒரு முறை அறுத்து வரும் அரை முக்கோணத்துக்கு + 7/8. இரண்டு முறை அறுத்து வரும் கால் முக்கோணத்துக்கு + 1¼. சென்டிமீட்டரில் வேலை செய்தால் தையல் மார்ஜின் 0.75 செ.மீ.; கூட்டல் முறையே 1.5, 2.5, 3.5.

ஒன்று கவனியுங்க: கால் இன்ச் என்பது 0.635 செ.மீ. இன்ச் பேட்டர்னை சென்டிமீட்டருக்கு மாற்றிவிட்டு, தையல் மிஷினில் கால் இன்ச் ஃபுட்டையே வைத்துத் தைத்தால் ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். ஈக்யூ8-இல் அலகை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்க. நம் ஊரில் ஸ்கேலும் கட்டிங் மேட்டும் பெரும்பாலும் இன்ச்தான். வரைவது, வெட்டுவது இன்ச். துணி வாங்குவது மட்டும் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

ஊசிமுனை:
9 இன்ச் போட்டதும் எண்கள் சுத்தமாக வந்துவிட்டன, நன்றி. ஓஹையோ ஸ்டாருக்கு நடுவில் பேர்ஸ் பா பிளாக்கும் மாற்றி மாற்றி வைத்தேன். மறுபடி பழைய கதை.

நூல்கண்டு:
வரும். பேர்ஸ் பா 7 கட்டப் பிளாக். 9-ஐ ஏழால் வகுத்தால் என்ன கிடைக்கும்?

ஈக்யூ8-இல் பழகுபவர்கள் கவனிக்காமல் விடுவது இதுதான். நூலகத்திலிருந்து எடுக்கும் பிளாக்குக்குத் தனக்கென்று அளவு இல்லை. குயில்ட் லேஅவுட்டில் எந்த இடத்தில் வைக்கிறீர்களோ அந்த இடத்தின் அளவுக்கு அது நீளும், சுருங்கும். திரையில் எதை எதனோடு வைத்தாலும் அழகாகத்தான் பொருந்தும். 3, 4, 6 கட்டப் பிளாக்குகளைக் கலக்க 12 இன்ச் ஒத்துவரும். 5 கட்டத்துக்கு 10 அல்லது 15, 7 கட்டத்துக்கு 7 அல்லது 14. மூன்றும் ஏழும் ஒரே குயில்ட்டில் வேண்டுமென்றால் சம அளவு லேஅவுட்டை விட்டுவிட்டு 'கஸ்டம் செட்' எடுத்து, ஒவ்வொரு பிளாக்கையும் அதனதன் அளவில் வைத்து, இடைவெளியைப் பட்டைகளால் நிரப்ப வேண்டும். அதை இரண்டாவது குயில்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின்மேசை:
நூலகத்தில் இருப்பதை எடுத்து வைப்பதோடு நிற்காமல் அந்த ஓஹையோ ஸ்டாரை நீங்களே ஒருமுறை வரையுங்கள். பிறகு வெட்டு அட்டவணை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும்.

பிளாக் ஒர்க்டேபிளில் 'ஈஸிடிரா' தேர்வு செய்து அகலம், உயரம் 9 கொடுங்கள். அடுத்து ஸ்னாப் புள்ளிகள். இரு பக்கமும் 36. ஏன் 36 என்றால், இன்ச்சுக்கு நான்கு புள்ளி, அதாவது ஒவ்வொரு கால் இன்ச்சிலும் கோடு ஒட்டிக்கொள்ளும். கட்டம் 3 இன்ச். அதன் மையம் 1½ இன்ச். 36-இல் இரண்டும் புள்ளி மேலேயே விழுகின்றன. யாராவது 20 அல்லது 32 போட்டால் மூன்றில் ஒரு பங்கு எங்கேயும் விழாது, கோடு பக்கத்துப் புள்ளிக்கு இழுபடும். கண்ணுக்குத் தெரியாது, அட்டவணையில் தெரியும்.

முதலில் 3 × 3 கட்டக் கோடுகள். பிறகு பக்கவாட்டில் உள்ள நான்கு கட்டங்களில் மட்டும் குறுக்குக் கோடுகள் இரண்டிரண்டு. ஈஸிடிராவில் ஒரு கோட்டின் இரு முனையும் வேறொரு கோட்டிலோ பிளாக்கின் ஓரத்திலோ முட்டி நிற்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் கோடு எந்தத் துண்டையும் உருவாக்காது; நிறம் கொடுக்கப் போகும்போது காணாமல் போய்விடும். இரண்டு துண்டுகள் ஒரே நிறமாக ஒட்டிக்கொண்டு வந்தால் எங்கோ ஒரு முனை முட்டவில்லை என்று அர்த்தம். பெரிதாக்கிப் பாருங்கள்.

வரைந்து முடித்ததும் 'ஆட் டு ஸ்கெட்ச்புக்' கொடுங்கள். அதைச் செய்யாமல் கோப்பை மட்டும் சேமித்தால் ஒர்க்டேபிளில் கிடக்கும் வரைபடம் கோப்புக்குள் போகாது. குயில்ட்டுக்கும் இதே விதி. நிறம் மாற்றிப் பார்க்கும் ஒவ்வொரு நல்ல வடிவத்தையும் ஸ்கெட்ச்புக்கில் சேருங்கள், பிடிக்காததைப் பிறகு நீக்கலாம்.

பட்டைத்துணி:
லேஅவுட்டுக்கு நானும் எண் தந்துவிடுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்க. 'ஹாரிஸான்டல்' லேஅவுட். குறுக்கே 4, நெடுக 5, பிளாக் 9 × 9, சாஷிங் 1½, பார்டர் 4. உள் அளவு 40½ × 51, பார்டரோடு முழு அளவு 48½ × 59. வேறு எண் வந்தால் பெரும்பாலும் 'சாஷ் பார்டர்' டிக் ஆகியிருக்கும். அது நடுவில் மட்டுமல்லாமல் சுற்றிலும் ஒரு சாஷிங் வரிசை சேர்த்துவிடும்.

பிளாக் வைக்கும்போது ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய வேண்டாம். கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் எல்லா இடமும் நிரம்பும், ஆல்ட் அழுத்தினால் ஒன்றுவிட்டு ஒன்று. நிறத்துக்குத் தூரிகை ஒரு துண்டை மட்டும் மாற்றும், ஸ்ப்ரே கேன் அந்த பிளாக்கில் அதே நிறத்தில் உள்ள எல்லாத் துண்டையும் மாற்றும், 'ஸ்வாப் கலர்' குயில்ட் முழுக்க மாற்றும். பல பேர் தூரிகையை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கிளிக் செய்கிறார்கள்.

ஊசிமுனை:
48½ × 59 வந்துவிட்டது. துணிக் கணக்கை நம்பலாமா அக்கா?

பட்டைத்துணி:
கெஜத்தை 0.9144-ஆல் பெருக்கினால் மீட்டர், அது சுலபம். நம்ப வேண்டிய இடம், நம்பக் கூடாத இடம் இரண்டும் இருக்கு. முதலில் துணி அகலம். அமெரிக்கக் குயில்ட் காட்டன் 42–44 இன்ச், கரையை வெட்டினால் 40 கணக்கில் வரும். நம் பாப்லின், கேம்ப்ரிக் 36, 44, 58 என்று பல அகலத்தில் வருது. எந்த அகலம் என்று சொல்லாமல் எடுத்த கணக்கு வீண்.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்க. ஒரு பிளாக்குக்கு நட்சத்திர நிறத்தில் 4¼ சதுரம் 2, 3½ சதுரம் 1. பின்னணி நிறத்தில் 4¼ சதுரம் 2, 3½ சதுரம் 4. இருபது பிளாக்குக்குப் பின்னணி மட்டும்: 4¼ சதுரம் 40, 3½ சதுரம் 80. 40 இன்ச் அகலத்தில் 4¼ சதுரம் ஒரு பட்டைக்கு 9, எனவே 5 பட்டை, 21¼ இன்ச். 3½ சதுரம் ஒரு பட்டைக்கு 11, எனவே 8 பட்டை, 28 இன்ச். கூட்டினால் 49¼ இன்ச், அதாவது 1.25 மீட்டர். நட்சத்திர நிறம் இதே வழியில் 5 பட்டை + 2 பட்டை, 28¼ இன்ச், 0.72 மீட்டர்.

அதே பின்னணியை 58 இன்ச் துணியில் எடுத்தால், கரை போக 56 வைத்துக்கொண்டால், 4¼ சதுரத்துக்கு 4 பட்டை, 3½ சதுரத்துக்கு 5 பட்டை, மொத்தம் 34½ இன்ச். 0.88 மீட்டர்தான். மென்பொருள் தரும் எண் உங்கள் கைக்கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். குறைவாக இருந்தால் அகலத்தைச் சரிபாருங்க.

தறிமேடு:
சுருக்கத்தை விட்டுவிட்டீர்கள். கைத்தறியும் சாயம் தோய்த்த மல் துணியும் முதல் நனைப்பிலேயே சுருங்கும், நீளத்தில்தான் அதிகம். இந்த 1.25 மீட்டருக்கு 1.4-ஆவது வாங்க வேண்டும். சிவப்பு, இண்டிகோ இருந்தால் நனைக்காமல் வெட்டவே கூடாது.

பட்டைத்துணி:
1.4 சரிதான். ஆனால் எல்லாத் துணியையும் நனைத்தே ஆகணும் என்று சொல்ல மாட்டேன். நனைத்ததையும் நனைக்காததையும் ஒரே குயில்ட்டில் கலப்பதுதான் மோசம், முதல் சலவையில் ஒரு பக்கம் இழுக்கும். சாயம் போகிற துணிக்கு நீங்க சொல்வதை ஒத்துக்கிறேன். கஞ்சி போட்ட மொடமொடப்பு போய்விட்டால் முக்கோணம் வெட்டும்போது சாய்விழை (இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம்) நீண்டுகொள்ளும் என்பதையும் யோசிக்கணும். நனைத்துக் காய வைத்து, திரும்பக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டு வெட்டுங்க.

தறிமேடு:
கஞ்சி விஷயத்தில் சண்டை இல்லை.

மிஷின்மேசை:
பைண்டிங்கையும் (ஓரத்தை மூடும் பட்டை) பின்துணியையும் தனியாகக் கணக்கிடுங்கள். 48½ × 59-இன் சுற்றளவு 215. மூலைக்கும் முடிச்சுக்கும் 10 சேர்த்து 225. 2½ இன்ச் பட்டை, 40 இன்ச் அகலத்தில் 6. சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் 2½ இன்ச் போகும், 240-இல் 12½ கழித்தால் 227½. மயிரிழையில் போதும். அதனால் ஏழாவது பட்டைக்கும் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்துணி பக்கத்துக்கு 4 இன்ச் கூடுதலாக 56½ × 67. 44 இன்ச் துணியில் இணைப்பு நெடுக்காக வைத்தால் 67 இன்ச் நீளம் இரண்டு, 3.4 மீட்டர். இணைப்பைக் குறுக்காக வைத்தால் 56½ இன்ச் இரண்டு போதும், 2.87 மீட்டர். அரை மீட்டர் மிச்சம். 58 இன்ச் துணி கிடைத்தால் இணைப்பே வேண்டாம், 1.7 மீட்டர் ஒரே துண்டு. ஆனால் கரையை வெட்டிய பிறகும் 56½ இருக்கிறதா என்று கடையிலேயே டேப் வைத்துப் பாருங்கள்.

பார்டரின் மூலையையும் கவனியுங்கள். 'மைட்டர்' (மூலையைச் சாய்வாக இணைப்பது) தேர்வில் இருந்தால் நான்கு பட்டையும் வெளி அளவு வரை போகும். பக்கப் பட்டை 59-க்கு மேல் வேண்டும். நேராக முட்டும் மூலையில் பக்கப் பட்டை 51½, மேலும் கீழும் 49 போதும். திரையில் ஒரே நிறத் துணியில் வித்தியாசம் தெரியாது.

ஊசிமுனை:
மிக்க நன்றி. அச்சு சிறியதாக வருவது மட்டும் பாக்கி. டெம்பிளேட்டில் 1 இன்ச் கட்டத்தை அளந்தால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைகிறது.

மிஷின்மேசை:
காகிதம். லெட்டர் தாள் 215.9 × 279.4 மி.மீ., ஏ4 தாள் 210 × 297. லெட்டருக்கு அமைத்த பக்கத்தை ஏ4-இல் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அச்சிட்டால் அகலத்துக்காக 97 சதவீதமாகச் சுருங்கும்; பிரிண்டரின் ஓர இடைவெளியையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பக்க அமைப்பில் ஏ4 தேர்வு செய்யுங்கள். பிடிஎஃப் வழியாகப் போனால் அச்சு உரையாடலில் 'உண்மை அளவு' அல்லது 100% என்று இருக்க வேண்டும். பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் தனியாக ஒரு 'ஃபிட்' ஒளிந்திருக்கும், அதையும் அணைக்க வேண்டும்.

சோதனைக்கு 1 இன்ச் கட்டம் போதாது. 3 சதவீதப் பிழை ஒரு இன்ச்சில் முக்கால் மில்லிமீட்டர், கண் ஏமாறும். 6 இன்ச் கோடு ஒன்றை அச்சிட்டு அளந்தால் அதே பிழை கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டராகத் தெரியும். நீளம், அகலம் இரண்டு திசையிலும் அளக்கவும்.

கோடுகட்டம்:
பேப்பர் பீசிங் (அச்சிட்ட தாளோடு துணியைச் சேர்த்துத் தைப்பது) செய்பவர்களுக்கு ஒரு வரி. தாளின் அச்சிட்ட பக்கத்தில் தைக்கிறோம், துணி மறுபக்கத்தில் இருக்கிறது. ஆகவே முடிந்த பிளாக், அச்சிட்டதன் கண்ணாடி பிம்பம். ஓஹையோ ஸ்டாரில் இது தெரியாது, பறவையோ எழுத்தோ என்றால் உடனே தெரியும். அச்சுத் தேர்வுகளில் 'மிரர்' எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, ஒரு பிளாக்கைத் திரையோடு ஒப்பிட்ட பிறகே இருபது தாள் அச்சிடுங்கள்.

கட்டற்றகை:
இங்க்ஸ்கேப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணிக் கணக்கும் வெட்டு அட்டவணையும் அது தராது. வரைய, நிறம் பார்க்க, டெம்பிளேட் எடுக்க முழுக்கப் போதும்.

முதலில் ஆவண அமைப்பில் அலகை இன்ச்சாக்குங்கள், கட்டம் ஒன்று உருவாக்கி இடைவெளி 0.25 கொடுங்கள். ஸ்னாப் இயங்க வேண்டும். அடுத்ததுதான் எல்லோரும் விடுவது: விருப்பங்களில் 'டூல்ஸ்' பகுதியில் எல்லைப் பெட்டி (வடிவத்தைச் சுற்றி அதன் அளவைக் காட்டும் பெட்டி) 'விஷுவல்' என்று இருக்கும், அதை 'ஜியோமெட்ரிக்' ஆக்குங்கள். விஷுவலில் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளவு சொல்லும். 3 இன்ச் சதுரம் 3.04 என்று காட்டும், நகல்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் மயிரிழை இடைவெளி விழும்.

ஒரு பிளாக் வரைந்து குழுவாக்கி, 'கிரியேட் டைல்டு குளோன்ஸ்' மூலம் 5 வரிசை, 4 நெடுவரிசை அடுக்குங்கள். மூலத்தை மாற்றினால் இருபதும் மாறும். ஒவ்வொரு நகலுக்கும் வேறு நட்சத்திர நிறம் வேண்டுமென்றால், மூலத்தில் நட்சத்திரத் துண்டுகளின் நிறத்தை 'அன்செட்' செய்ய வேண்டும், அதாவது நிறப் பலகத்தில் கேள்விக்குறி பொத்தான். 'நிறமில்லை' என்று வைப்பது வேறு, அதில் நகல் எந்த நிறத்தையும் ஏற்காது. பின்னணித் துண்டுகளுக்கு நிறம் கொடுத்தே விடுங்கள், அவை மாறாமல் நிற்கும்.

தையல் மார்ஜினுக்கு, தைத்து முடிந்த அளவில் துண்டை வரைந்து, பாத் எஃபெக்டில் 'ஆஃப்செட்' 0.25 இன்ச். மூலை இணைப்பு 'மைட்டர்' ஆக இருக்க வேண்டும். 'ரவுண்ட்' இருந்தால் முக்கோணத்தின் முனை மழுங்கும், அடுத்த துண்டோடு ஓரம் சேர்த்து வைக்க முடியாது.

ஊசிமுனை:
பழைய எஸ்விஜி கோப்பு ஒன்றைத் திறந்தால் 12 இன்ச் பிளாக் 11¼ காட்டுகிறது. இதுவும் எல்லைப் பெட்டியாலா?

கட்டற்றகை:
இல்லை. 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன் இங்க்ஸ்கேப் ஒரு இன்ச்சுக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டது, அதன் பிறகு 96. 90/96 = 0.9375, 12 இன்ச் 11¼ ஆவது அதனால்தான். பழைய கோப்பைத் திறக்கும்போது அளவை மாற்றலாமா என்று ஒரு கேள்வி வரும், அச்சு அளவு முக்கியம் என்ற தேர்வைக் கொடுங்கள். தவறவிட்டிருந்தால் எல்லாவற்றையும் தேர்வு செய்து 'டிரான்ஸ்ஃபார்ம்' இல் 106.667 சதவீதம்.

துணிப் படம் சேர்க்கும்போதும் இதே கணக்குதான், எந்த மென்பொருளானாலும். 6 இன்ச் அகலத் துணியை இன்ச்சுக்கு 150 பிக்சல் என்று ஸ்கேன் செய்தால் 900 பிக்சல். உள்ளே கொண்டுவரும்போது அது 6 இன்ச் என்று சொல்லாவிட்டால் சின்னப் பூ பெரிய பூவாகிவிடும். ஃபோனில் எடுத்த படத்துக்கு அளவே கிடையாது. துணி மேல் ஸ்கேலை வைத்து எடுத்து, எத்தனை இன்ச் விழுகிறது என்று பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

தறிமேடு:
இதே இருபது பிளாக்கைச் சாய்த்து, ஆன் பாயிண்ட் வைக்க நினைப்பவர்களுக்கு: 9 இன்ச் பிளாக்கின் மூலைவிட்டம் 12.73. ஓர முக்கோணத்துக்கு 1¼ சேர்த்து 14 இன்ச் சதுரம், நான்காக அறுக்க வேண்டும். மூலை முக்கோணத்துக்கு 9-ஐ 1.414-ஆல் வகுத்து 7/8 சேர்த்தால் 7¼ சதுரம், இரண்டாக. இதை மாற்றி அறுத்தால் குயில்ட்டின் ஓரம் முழுக்கச் சாய்விழையில் வந்து அலையடிக்கும். வரைபடத்தில் இழைத்திசை தெரியாது.

ஊசிமுனை:
நேர் லேஅவுட்டே போகிறேன். சாஷிங் துண்டு எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்: 9½ × 2 அளவில் 31, 2 இன்ச் சதுரம் 12?

பட்டைத்துணி:
சரி. நெடுக்கு 15, குறுக்கு 16, சந்திப்புச் சதுரம் 12. 40 இன்ச் அகலத்தில் 2 இன்ச் பட்டை ஒன்றுக்கு 9½ துண்டு நாலு விழும், 8 பட்டை. சந்திப்புக்கு ஒரு பட்டை. 18 இன்ச், வாங்குவது அரை மீட்டர். பார்டரையும் அதே துணியில் எடுத்தால் 4½ பட்டை ஆறு, இன்னொரு 27 இன்ச். மொத்தம் 45, நனைத்த பிறகு அந்த நீளம் இருக்கணும் என்றால் 1.25 மீட்டர் கேளுங்க.